எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது!



இந்த மாதம் ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். வாலிபர் கூட்டத்திலோ கன்வென்ஷன் மேடையிலோ இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மனுஷனுடைய மூளை ஒரு கம்ப்யூட்டர். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் அதற்கு ஈடாகாது. அதில் 25 லட்சம் ஜி.பி. கொள்ளும். டி.வி. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொண்டே போனால் 300 வருஷம் ஓடும்!" உடனே கூட்டத்தில் "அல்லேலூயா" என்று சத்தம் எழும்பும். எனக்கும் அந்த உதாரணம் பிடித்துத்தான் இருந்தது. சமீபத்தில் ஒரு வாலிபத் தம்பி வந்து, "சார், அந்த 25 லட்சம் ஜி.பி.யை யார் அளந்தாங்க? எதை வச்சு அளந்தாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டேன். அதனால் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு 2010-ல் பால் ரீபர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வாசகர் கேள்விக்கு எழுதிய பதிலில் வருகிறது. யாரும் அளந்து பார்த்த அளவு அல்ல. மூளையிலுள்ள நரம்பணுக்களுக்கு நடுவே இருக்கிற இணைப்புகளை வைத்து உத்தேசமாகப் போட்டது. அதற்கு முன்பே, 1986-ல், தாமஸ் லாண்டவர் என்ற ஆராய்ச்சியாளர் வேறு வழியில் கணக்குப் போட்டிருந்தார். மனுஷர் படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் எவ்வளவு வேகத்தில் மனதில் வாங்குகிறார்கள், எவ்வளவு வேகத்தில் மறக்கிறார்கள் என்று சோதனைகளிலிருந்து எடுத்து, ஒரு ஆயுள் முழுவதற்கும் கூட்டினார். வந்த விடை சுமார் 100 கோடி பிட். அதாவது 125 எம்.பி. ஒரு சாதாரண சி.டி.யில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது!

இரண்டுக்கும் வித்தியாசம் 2 கோடி மடங்கு. ஒரு ஆசாரி வாசல்நிலைக்கு 7 அடி என்கிறார், இன்னொரு ஆசாரி 14 கோடி அடி என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே வாசலை அளக்கவில்லை என்பது குழந்தைக்கும் விளங்கும். ஒருவர் கிடங்கில் எத்தனை அலமாரி என்று எண்ணினார். மற்றவர் கேட்டால் மனுஷன் எடுத்துக் கொடுக்கக்கூடிய சரக்கு எவ்வளவு என்று எண்ணினார். உண்மையாகவே அளந்தவர்களும் உண்டு. 2016-ல் அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தார் எலியின் மூளையில் நினைவுக்குரிய பகுதியை நுணுக்கமாய்ப் பார்த்து, ஒரு நரம்பு இணைப்பு 26 வெவ்வேறு அளவுகளில் இருக்கக்கூடும் என்று கண்டார்கள். பிரமிக்க வைக்கிற வேலை அது. ஆனால் அதுவும் அலமாரியின் அளவுதான். (நாம் மூளையில் 10 சதவீதம்தான் உபயோகிக்கிறோம் என்ற பேச்சையும் இத்தோடு நிறுத்திவிடலாம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு சின்ன இடம் பழுதானாலே ஒருவருக்குப் பேச்சு நின்றுபோகிறதைப் பார்த்திருக்கிறோமே, மிச்சம் 90 சதவீதம் சும்மாவா கிடக்கிறது?) சிருஷ்டிகருக்கு மகிமை சேர்க்க ஊர்ஜிதமில்லாத கணக்கு நமக்குத் தேவையில்லை.

பிரியமானவர்களே, கணக்கு தப்பாயிருப்பதைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது அந்த ஒப்புமைதான். ஞாபகம் ஒரு கிடங்கு என்று நம்பிவிட்டால், உள்ளே வைத்தது வைத்தபடியே வெளியே வருகிறது என்றும் நம்பிவிடுவோம். அப்புறம் "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று சொன்னாலே சத்தியம் பண்ணின மாதிரி ஆகிவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நம் சபைகளிலேயே உண்டு. நிரபராதிகள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் கொண்டது 50 லட்சம் எழுத்துக்கள். இன்றைக்கு விரல்நகம் அளவுள்ள கார்டில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு கொள்கிறது. ஆனாலும் முறை மாறவில்லை. ஒரு விலாசத்தில் எழுதி வைக்கிறது, அதே விலாசத்தில் போய் எடுக்கிறது. நூறு தரம் திறந்து படித்தாலும் எழுத்து மாறாது. கெட்டுப்போனால், படிக்க முடியவில்லை என்று கையை விரிக்கும். (கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவு இல்லாததையும் இட்டுக்கட்டிச் சொல்கிறதே என்பீர்கள். அது வேறு கதை. நான் சொல்வது டிஸ்க்கை.)

மனுஷன் அப்படி அல்ல. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியல் அறிஞர் மாணவர்களிடம் தாள் கொடுத்து, செய்தியைக் கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களில் 44 பேரைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழுவதும் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். 11 பேர் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. வகுப்பில் யாரோ சொல்லிக் கேட்டவர்கள், நான் டி.வி.யில்தான் முதலில் பார்த்தேன் என்றார்கள். அதைத் தயங்கித் தயங்கிச் சொல்லவும் இல்லை, பெரும்பாலோர் வெகு நிச்சயமாய்ச் சொன்னார்கள்! பிறகு அவர்கள் கைப்பட எழுதின பழைய தாளையே எடுத்துக் காட்டினார்கள். எழுத்து என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய ஞாபகம் திரும்பி வரவில்லை.

இவர்கள் பொய்யர்களா? பொய் சொல்லி அவர்களுக்கு என்ன லாபம்? ஒரு சம்பவத்தை நினைக்கிறபோது நாம் ஒரு ஃபைலைத் திறப்பதில்லை. மிச்சமிருக்கிற துண்டுகளை வைத்து அந்தச் சம்பவத்தை மறுபடியும் கட்டுகிறோம். கட்டும்போது இடைவெளி இருந்தால், பிறகு கேட்டது, டி.வி.யில் பார்த்தது, மற்றவர்கள் சொன்னது எல்லாவற்றையும் நமக்குத் தெரியாமலே வைத்துப் பூசிவிடுகிறோம். அடுத்த தரம் நினைக்கும்போது அந்தப் பூச்சும் சுவரோடு சுவராய்ச் சேர்ந்துவிட்டிருக்கும்.

இதனால் என்ன நேரிடும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1984 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில், ஜெனிபர் தாம்ப்சன் என்ற 22 வயது கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, கத்தியைக் காட்டி அவளைக் கெடுத்தான். அந்தப் பயங்கரத்திலும் அவள் புத்தியை இழக்கவில்லை. நான் உயிரோடு தப்பினால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று தீர்மானித்து, அவன் முகத்தை அங்கம் அங்கமாய் மனதில் பதித்துக்கொண்டாள். இதைவிடக் கவனமான சாட்சி எங்கே கிடைக்கும்?

போலீசார் சில புகைப்படங்களைக் காட்டினார்கள். அவள் ரொனால்ட் காட்டன் என்ற வாலிபனின் படத்தை எடுத்தாள். பிறகு ஆட்களை வரிசையாய் நிறுத்திக் காட்டினபோதும் அவனையே சுட்டினாள். புகைப்படத்தில் நீ காட்டினதும் இதே ஆளைத்தான் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. கவனியுங்கள், இந்த இடத்தில்தான் பூச்சு காய்ந்து கெட்டியாகிறது. கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது. அவள் வெள்ளை இனம், அவன் கறுப்பு இனம். வேறு இனத்தாரின் முகங்களை அடையாளம் காண்பதில் மனுஷர் அதிகமாய்த் தவறுகிறார்கள் என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாய்த் தெரிந்த விஷயம். 1985 ஜனவரியில் காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

சிறையில் பாபி பூல் என்ற இன்னொரு கைதி, அது நான் செய்ததுதான் என்று மற்றவர்களிடம் பெருமை பேசினான். 1987-ல் வழக்கு மறுபடியும் நடந்தது. பூலைக் கோர்ட்டில் அவள் முன்பாகவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தன்னைக் கெடுத்தவனையே நேருக்கு நேர் பார்த்து, இவனை நான் பார்த்ததே இல்லை என்றாள். காட்டனுக்கு மறுபடியும் தண்டனை. 1995-ல் டி.என்.ஏ. சோதனை வந்து, குற்றவாளி பூல்தான் என்று உறுதியான பிறகுதான், ஜூன் 30-ம் தேதி அவர் வெளியே வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஜெயில்! டி.என்.ஏ.யால் இப்படி விடுதலையானவர்களின் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், நேரில் பார்த்த சாட்சி ஆளை மாற்றிக் காட்டியிருக்கிறார்.

ஜெனிபர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேதபுத்தகத்தின்மேல் சத்தியம் பண்ணவைத்தாலும் அதையே சொல்லியிருப்பாள்.

அப்படியானால் உண்மையுள்ளவனாய் இருப்பது என்றால் என்ன? மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் போதுமா? நெடுநாளாய் நான் போதும் என்றே எண்ணியிருந்தேன், உங்களில் அநேகரும் அப்படியே எண்ணுவீர்கள். இப்போது என் அபிப்பிராயம் இது: தவறாய் ஞாபகம் வைத்திருப்பது பாவம் அல்ல. ஆனால் அந்த ஞாபகத்தின்மேல் எவ்வளவு பாரத்தைத் தூக்கி வைக்கிறோம் என்பதற்கு நாம் உத்தரவாதிகள். சின்ன வயதில் பாட்டி வீட்டு மாமரம் எவ்வளவு உயரம் என்பதில் நான் தவறினால் யாருக்கு என்ன நஷ்டம்? என் ஞாபகத்தால் இன்னொருவர் சபையை விட்டு விலக்கப்படுவார் அல்லது ஜெயிலுக்குப் போவார் என்றால், "நன்றாக ஞாபகம் இருக்கு" என்பது மட்டும் போதாது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று நியாயப்பிரமாணம் கேட்கிறதை எல்லாரும் அறிவோம். ஆனால் அந்த மூன்று பேரும் முந்தின நாள் ராத்திரி ஒன்றாய் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு வந்தால் அது ஒரு சாட்சிதான். ஒருவர் ஞாபகம் மற்றவருக்குத் தொற்றிக்கொள்ளும். சபை விசாரணைகளில் உட்காருகிற மூப்பர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அண்ணன் சொல்கிறார், "அப்பா சாகுறதுக்கு முந்தின வாரம் கிணத்தடி வயல் உனக்குன்னு என்கிட்ட சொன்னாரு." தம்பி சொல்கிறார், "நானும் அந்தக் கட்டில் பக்கத்துலதான் இருந்தேன். அப்பா அப்படிச் சொல்லவே இல்ல." இரண்டு பேரும் ஜெபிக்கிறவர்கள், கொடுத்த வாக்கை மீறாதவர்கள். 11 வருஷம் பேசவில்லை. இருவரில் ஒருவர் பொய்யர் என்றுதான் ஊரே நினைத்தது, அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே நினைத்தார்கள். சேலஞ்சர் கதையை நான் இரண்டு வீட்டிலும் போய்ச் சொன்னேன். அண்ணன் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தம்பி பொய் சொல்லலைன்னு சொல்றீங்களா சார்?" என்றார். "நீங்களும் சொல்லல, அவரும் சொல்லல. அப்பா என்ன சொன்னாருன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது" என்றேன். வயல் இன்னும் பிரியவில்லை. போன கிறிஸ்துமஸுக்குத் தம்பி வீட்டு அதிரசம் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது.

நீங்கள் கேட்கலாம்: "அப்படியானால் சபையில் சொல்லுகிற சாட்சிகளை எல்லாம் சந்தேகப்படச் சொல்கிறீர்களா?" இல்லை. அந்த 44 பேரில் ஒருவரும் விண்கலம் வெடித்ததை மறக்கவில்லை. நடுத்தண்டு அநேகமாய் நிற்கிறது, கிளைகள்தான் மாறுகின்றன. மூன்று நாள் காய்ச்சல் ஐந்து வருஷத்தில் ஏழு நாளாகிறது. "பார்க்கலாம்" என்று சொன்ன டாக்டர், கைவிட்டுவிட்ட டாக்டராகிறார். சொல்லுகிறவர் வேண்டுமென்று கூட்டுவதில்லை. ஒவ்வொரு தரமும் கூட்டம் எங்கே ஸ்தோத்திரம் சொல்கிறதோ அந்த இடம் கொஞ்சம் வளர்ந்துவிடுகிறது. அதனால் நான் சொல்லுகிறது ஒரு சின்ன யோசனைதான். நடந்த அன்றே ஒரு நோட்டில் தேதியோடு நாலு வரி எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதோடு வையுங்கள். பிற்பாடு நோட்டுக்கும் ஞாபகத்துக்கும் ஒத்துவராவிட்டால், நோட்டின் பக்கம் நில்லுங்கள். கம்ப்யூட்டர் நம்மைவிட நல்லதாய்ச் செய்கிற வேலை அதுதான். அதை அதற்கே விட்டுக்கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டிஸ்க்கைப்போல எதையும் மறக்காத ஒரு மூளை நமக்கும் இருந்திருக்கலாமே என்று சிலர் ஏங்குகிறார்கள், முக்கியமாய்ப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். அப்படி ஏறக்குறைய இருந்த ஒரு மனுஷன் உண்டு. ரஷ்யாவில் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்ற பத்திரிகை நிருபர். குறிப்பு எடுக்காமலே எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார் என்று அவரை அலெக்சாண்டர் லூரியா என்ற மனநூல் அறிஞரிடம் அனுப்பினார்கள். லூரியா 1920-கள் தொடங்கி பல பத்து வருஷம் அவரைச் சோதித்தார். 15 வருஷத்துக்கு முன் ஒரு தரம் வாசித்துக் காட்டிய பட்டியலைக்கூட அவர் திருப்பிச் சொன்னார். ஆனால் பாருங்கள், முகங்களை அடையாளம் காண்பது அவருக்குக் கஷ்டம். ஒரே ஆளின் முகம் வெளிச்சத்துக்கும் மனநிலைக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கிறதே என்பார். நாமோ அந்த மாற்றங்களை எல்லாம் மறந்துவிடுவதால்தான் அண்ணனை அண்ணன் என்று அறிந்துகொள்கிறோம்! மறக்க வழி தேடி, வேண்டாத எண்களைத் தாளில் எழுதி நெருப்பில் போட்டார். கரிந்துபோன தாளிலும் அவர் மனக்கண்ணுக்கு அந்த எண்கள் தெரிந்தன.

மறக்கிறதும் ஒரு கிருபைதான். ஆனால் நாம் கேட்கிறபோது அது வருவதில்லை. "அவங்க செஞ்சதை மன்னிச்சிட்டேன் சார், மனசுலேருந்து டெலீட் பண்ணிட்டேன்" என்று இப்போது சொல்கிறார்கள். கம்ப்யூட்டரிலேயே டெலீட் பண்ணினால் பெரும்பாலும் அட்டவணையில் பேர்தான் அடிபடும். அந்த இடத்தின்மேல் வேறொன்றை எழுதுகிறவரை சரக்கு உள்ளேயே கிடக்கும். மனுஷனுக்கு அந்தப் பொத்தான்கூடக் கிடையாது. ஆகையால் மன்னித்த பிறகும் ஞாபகம் வருகிறதே, நான் மாய்மாலக்காரியோ என்று அழுகிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேரிட்டார். பட்ட வருத்தங்களையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அதற்குக் காரணமும் சொன்னார். சில வருஷம் கழித்துச் சகோதரர்கள் தானியம் வாங்க வந்து குனிந்து நின்றபோது, பழைய சொப்பனம் முதற்கொண்டு எல்லாம் அவர் ஞாபகத்துக்கு வந்தது, ஒதுங்கிப் போய் அழுதார். ஞாபகம் வந்த பிறகுதான் அவர் மன்னித்தார். குழியை மறந்துவிட்ட மனுஷனுக்கு மன்னிக்க அங்கே என்ன இருந்திருக்கும்?

ஜெனிபருக்கும் அப்படித்தான் ஆனது. டி.என்.ஏ. முடிவு வந்து, காட்டன் குற்றமற்றவர் என்று புத்திக்குத் தெரிந்த பிறகும், கெட்ட சொப்பனத்தில் வந்த முகம் அவருடையதாகவே இருந்தது. 1997-ல் அவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அந்தக் கொடுமை நடந்த இடத்துக்குத் தூரமில்லாத ஒரு சபைக் கட்டிடத்தில் சந்தித்தார்கள். அவள் மன்னிப்புக் கேட்டாள். தான் எப்போதோ மன்னித்துவிட்டதாய் அவர் சொன்னார். பத்து வருஷத்தில் ஒரு நாளையும் அவர் மறந்திருக்க நியாயமில்லை. பிறகு இருவரும் சிநேகிதராகி, ஊர் ஊராய்ப் போய் ஒரே மேடையில் பேசினார்கள், 2009-ல் சேர்ந்து ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள். வடக்கு கரோலினாவில் 2007-ல் அடையாள அணிவகுப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. அதன்படி, ஆட்களையோ படங்களையோ காட்டுகிற அதிகாரிக்கு அதில் சந்தேகப்படுகிற ஆள் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது. சாட்சி எவ்வளவு நிச்சயமாய் இருக்கிறார் என்பதை அந்த இடத்திலேயே, யாரும் எதுவும் சொல்லுமுன்னே, அவருடைய சொந்த வார்த்தையிலேயே எழுதி வாங்க வேண்டும்.